சந்தையில் நின்று பார்ப்பது ஆய்வாகுமா?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படிக்கும் மூன்றாம் வருட மாணவி. தன் ஊர்ச் சந்தையை அவதானிப்பு முறையில் ஆய்வு செய்ய விரும்புகிறார். "வினாக்கொத்து இல்லாமல் தரவுக்கு எங்கே போவீர்?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். "சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கு ஏன் கம்பஸ்?" என்று கூடப் படிக்கிறவர்கள் பகிடி பண்ணுகிறார்கள். எத்தனை நாள் பார்ப்பது, பார்க்கப்படுகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நான் பிறந்து வளர்ந்த ஊரில், எல்லாரும் நாளாந்தம் பார்க்கிற ஒன்றை நானும் பார்த்து எழுதினால், அதை ஆதாரம் என்று யார் ஏற்பார்கள்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்றவை போகிற வழியில் வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபது வருடத்துக்கு மேலாகக் களஆய்வு செய்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். வேலை செய்ததெல்லாம் குடாநாட்டுக்குள்ளும் தீவுப்பகுதியிலும்தான். புள்ளிவிபரத்தில் நான் கெட்டிக்காரன் இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதை இன்னொருவரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத விஷயம். மனிதர் சொல்வதும் செய்வதும் ஒன்றல்ல. இதைச் சொல்ல ஆய்வு எதற்கு, அம்மாவே சொல்வார் என்பீர்கள். ஆனால் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை எண்ணிக் காட்டிய ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. ரிச்சட் லப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாட்டைச் சுற்றினார். சீனர் மேல் வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டுக் கடிதம் போட்டார். பதில் அனுப்பியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மாட்டோம் என்று எழுதினார்கள். 1934ல் வெளிவந்த இந்த ஆய்வில் ஓட்டையும் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்று வரவேற்றவரும் ஒரே ஆளா என்பது தெரியாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றதும் சேர்ந்துதான் கதவைத் திறந்திருக்கும். ஆகவே அந்த எண்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். வினாக்கொத்து எதை அளக்கிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் அந்த இடைவெளி மறுபக்கமாகத் திரும்பி நிற்கிறது. அவர்கள் மாட்டோம் என்று எழுதிவிட்டு ஏற்றார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் பார்க்கிறோம். சாதியைக் காட்டி ஒருவரைக் கடையிலோ கோயிலிலோ தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957லேயே வந்துவிட்டது. ஆனாலும் பத்து வருடம் கழித்துக்கூடத் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட வேண்டியிருந்தது. 1968ல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக நடந்த போராட்டம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கு வினாக்கொத்தைக் கொண்டுபோய் ஒரு வீட்டுப் படலையில் நில்லுங்கள். "இப்ப ஆர் பிள்ளை சாதி பாக்கினம்?" என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பலாம். அதே வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க இருந்து, யார் விறாந்தைக் கதிரையில் இருக்கிறார்கள், யார் திண்ணையோடு நிற்கிறார்கள், யார் பின்பக்கத்தால் வருகிறார்கள் என்று எழுதினால் வேறொரு பதில் கிடைக்கும். இரண்டு பதிலும் தரவு. ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்கக் கூடாது. இரண்டும் எங்கே விலகுகின்றன என்பதுதான் ஆய்வுக்கான இடம்.

சரி, சந்தைக்கு வருவோம். வலிகாமத்தில் ஒரு சந்தையில் மூன்று மாதம் விட்டுவிட்டு நின்றிருக்கிறேன்; பெயர் வேண்டாம். நம் மரக்கறிச் சந்தைகளில் கழிவு என்றொரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கமக்காரர் கொண்டுவரும் எடையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு. நூற்றுக்குப் பத்து என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கேட்டால் வியாபாரி "எல்லாச் சந்தையிலயும் உள்ளதுதானே" என்பார். கமக்காரரும் அநேகமாக "வழமைதான்" என்று முடித்துவிடுவார். வினாக்கொத்தில் இது ஒரு பெட்டிக்குள் போடும் புள்ளடி. அதிகாலை ஐந்தரைக்குத் தராசுக்குப் பக்கத்தில் நின்று நான் எழுதியது இது: கத்தரிக்காய் உரப்பை தராசில் ஏறுகிறது. முகப்பில் 43.6 என்று வருகிறது. வியாபாரி "முப்பத்தொன்பது" என்கிறார். பக்கத்தில் இருக்கும் பொடியன் துண்டில் 39 என்று எழுதுகிறான். கழிவு என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை. எண் தராசிலிருந்து வியாபாரியின் வாய்க்கு வரும்போதே மெலிந்துவிட்டது. உரப்பை ஏறும் நேரம் கமக்காரர் தன் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக் கயிற்றைச் சுருட்டுகிறார். முதல் நாள் அதைக் கயிறு சுருட்டுவதாகத்தான் எழுதினேன். ஒரு கிழமை கழித்துக் கொப்பியைப் புரட்டினால், எடை ஏறும் கணத்தில் அநேகமாக எல்லாரும் எதையாவது சுருட்டுகிறார்கள், மடிக்கிறார்கள், வெற்றிலையைத் தேடுகிறார்கள். தராசைப் பார்க்காமல் இருப்பது அங்கே ஒரு மரியாதை போல நடந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் ஒருவர் வந்தார். தராசுக்கு நேரே நின்று முகப்பைப் பார்த்தார். 28.2 வந்தது. வியாபாரி "இருபத்தெட்டு" என்றார். கழிவே இல்லை. அவர் ஒரு பாடசாலை ஆசிரியர், தோட்டமும் செய்கிறவர் என்று விசாரித்து அறிந்தேன். எனக்குப் பிடித்த விளக்கம் உடனே கைக்கு வந்துவிட்டது: படிப்பும் அந்தஸ்தும் உள்ளவரிடம் வியாபாரி கழிக்கத் துணிவதில்லை. அதை வைத்து நாலு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு ஒருநாள், சந்தை வாசலில் தேத்தண்ணி ஊத்தும் அக்கா, நான் கேட்காமலே, "வாத்தியார் அவையிட்ட முற்பணம் எடுக்கிறேல்லை, அதுதான் நேர பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார். விதைக்கும் பசளைக்கும் மருந்துக்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்கியவர்கள்தான் கயிறு சுருட்டுகிறவர்கள். அந்தக் கடனுக்கு வட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, அது தராசில் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணால் கண்டதில் பிழை இல்லை: ஒருவருக்குக் கழித்தார், ஒருவருக்குக் கழிக்கவில்லை. ஏன் என்று நான் எழுதியதுதான் பிழை. முற்பணக் கணக்கு வியாபாரியின் வீட்டுக் கொப்பியில் இருந்தது. அதைச் சந்தையில் நின்று பார்க்க முடியாது. அக்கா சொன்னதையும் உடனே வேதவாக்காக எடுக்கவில்லை. பிறகு பத்துப் பன்னிரண்டு பேரிடம் தனித்தனியாகக் கதைத்தபோது பெரும்பாலும் பொருந்தியது, இரண்டு பேருக்குப் பொருந்தவில்லை. அந்த இரண்டு பேரை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது.

உங்கள் மேற்பார்வையாளருக்குச் சொல்ல இந்தக் கதையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. நின்று பார்க்காவிட்டால் தராசைப் பார்க்காமல் திரும்பும் அந்தப் பழக்கத்தைப் பற்றிக் கேட்கவே எனக்குத் தெரிந்திராது. 1930களில் பொஸ்ரன் நகரத்தின் இத்தாலியர் குடியிருப்பில் மூன்றரை வருடம் வாழ்ந்த வில்லியம் வைற் இதையேதான் எழுதினார்: கேட்கத் தோன்றியே இராத கேள்விகளுக்கு, சும்மா கூட இருந்து கேட்டதால் விடை கிடைத்தது என்று. அதே நேரம், பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் ஒரு பிழையான விளக்கத்தை அச்சில் ஏற்றியிருப்பேன். ஆகவே அவதானிப்பா நேர்காணலா என்று சண்டை பிடிக்காதீர்கள். பார்த்துவிட்டுக் கேளுங்கள், கேட்டுவிட்டுத் திரும்பவும் போய்ப் பாருங்கள். மேற்பார்வையாளர் கட்டாயம் எண் வேண்டும் என்றால், பார்த்ததிலிருந்தே கடைசியில் ஒரு சின்ன வினாக்கொத்துச் செய்யலாம். அந்த வரிசையில் செய்தால் வினாக்கொத்தும் நன்றாக வரும்.

பரீட்சைக்குப் படித்த வகைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பங்குபற்றும் அவதானம், பங்குபற்றா அவதானம் என்று இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ரேமண்ட் கோல்ட் 1958ல் இதை நாலாக்கினார்: முழுப் பங்காளி, அவதானிக்கும் பங்காளி, பங்குபற்றும் அவதானிப்பாளர், முழு அவதானிப்பாளர். களத்தில் நீங்கள் ஒரு காலைக்குள்ளேயே இந்த நாலிலும் ஏறி இறங்குவீர்கள். உரப்பையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கத்தான் வேண்டும். இன்னொரு பிரிவு, என்ன பார்ப்பது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு எண்ணும் கட்டமைத்த அவதானம். றொபேர்ட் பேல்ஸ் 1950ல் சிறு குழுக்களின் பேச்சை 12 வகையாகப் பிரித்துக் குறித்தது இதற்குப் பேர்போன உதாரணம். உங்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு கிழமை பட்டியல் இல்லாமல் பாருங்கள். பிறகு அதிலிருந்து மூன்று நாலு விஷயத்தை மட்டும் எடுத்து எண்ணுங்கள். எடை ஏறும்போது கமக்காரர் தராசைப் பார்த்தாரா இல்லையா என்பது எண்ணக்கூடிய விஷயம். அவர் மனம் நொந்தாரா என்பது எண்ணக்கூடியதல்ல.

பார்வையைவிட எழுத்தில்தான் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை இரண்டு மாணவர்களைப் பருத்தித்துறை பஸ்ஸில் ஒன்றாக அனுப்பினேன். ஒருவர் எழுதிக்கொண்டு வந்தது: "நடத்துநர் வயதான அம்மாவிடம் மரியாதையில்லாமல் நடந்தார்." மற்றவர் எழுதியது: "நடத்துநர் 'உள்ளுக்குப் போங்கோ அம்மா' என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லும்போது அம்மாவின் பையைத் தன் கையில் வாங்கி முன் ஆசனத்துக்குக் கீழே வைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை." இரண்டும் ஒரே நிகழ்ச்சி. முதலாவதை வைத்து எதுவும் செய்ய முடியாது, அந்த மாணவருக்கு நடத்துநரைப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர. இரண்டாவதை வைத்து நாங்கள் வகுப்பில் ஒரு மணித்தியாலம் வாதாடினோம். பையை வாங்கியது உதவியா, அவசரமா, கண்டிப்பா என்று. கொப்பியின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் கண்டதும் காதில் விழுந்ததும், ஆட்கள் சொன்ன சொல்லிலேயே. வலது பக்கம் நீங்கள் நினைத்தது. கோட்டைத் தாண்டாதீர்கள். முடிந்தால் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே அரை மணித்தியாலத்தை இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டை ஆய்வேட்டில் பின்னிணைப்பாகப் போட்டால் நம்பகம் பற்றிய பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

எழுதுவதில் யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மேற்கத்தையப் பாடநூல்கள் கொப்பியும் பேனையுமாகப் போய் நில்லுங்கள் என்கின்றன. இங்கே ஆட்கள் நடுவில் நின்று எதையோ குறிக்கிற மனிதரைப் பார்த்தால் சனத்துக்கு வயிறு கலங்கும். எத்தனை பதிவு, எத்தனை பட்டியல், எத்தனை விசாரணை கண்ட சனம். யுத்தம் முடிந்த பிறகும் நிறுவனம் நிறுவனமாக வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. ஆகவே நான் களத்தில் கொப்பி எடுப்பதில்லை. இரண்டு மூன்று சொல்லைக் கையடக்கத் தொலைபேசியில் தட்டிவிட்டு, சந்தைக்கு வெளியே போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டு அன்றே முழுவதையும் எழுதுவேன். அன்றே என்பது முக்கியம். ஒரு இரவு நித்திரை கொண்டால் ஆட்களின் சொற்கள் போய், நம்முடைய சொற்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

பிரதியும் எடுத்து வையுங்கள். இந்தியச் சமூகவியலாளர் எம்.என். சிறீனிவாஸ் 1948ல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்து எழுதிய குறிப்புகளைப் பதினெட்டு வருடமாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970ல் அவர் அமெரிக்காவில் தங்கியிருந்த ஆய்வு நிலையத்துக்கு யாரோ தீ வைத்ததில் அதன் மூன்று பிரதிகளும் போயின. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்ததுதான் வினை. பிறகு நினைவில் நின்றதை வைத்தே நூலை எழுதி 1976ல் வெளியிட்டார். என்னுடைய முதல் களக்கொப்பி 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடக்கிற வழியில், அம்மாவின் துணிப்பையோடு எங்கேயோ தவறிவிட்டது. நினைவில் இருந்து நூல் எழுத எனக்கு வரவில்லை. உங்களிடம் இணையச் சேமிப்பு இருக்கிறது, கடவுச்சொல் போட்டு ஏற்றி வையுங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த அடிக் கேள்வி: சொந்த ஊரைச் சொந்தக் கண்ணால் பார்ப்பது. இது எனக்கு இன்னும் தீராத விஷயம், ஆகவே முடிவாகச் சொல்ல மாட்டேன். வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது, எல்லாம் புதிதாகத் தெரியும். உள்ளாளுக்கு எல்லாம் விளங்கும், எதுவும் தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் நம் செத்தவீட்டுக்கு வந்தால் யார் பந்தலுக்குள் இருக்கிறார், யார் ஒழுங்கை மதிலோடு நிற்கிறார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டுவிடுவார். எனக்கு அது கண்ணில் படாது, அது அப்படித்தான் இருக்கும் என்பதால். இதற்கு நான் கண்ட கைமருந்து, எனக்குச் சங்கடமாக இருந்த கணங்களைக் குறித்து வைப்பது. எங்கே நான் தயங்கினேன், எங்கே குரலைத் தாழ்த்தினேன், யாருடைய வீட்டுக்குள் போகாமல் வாசலோடு திரும்பினேன். அங்கேதான் ஊரின் விதி எனக்குள்ளும் வேலை செய்கிறது. சிறீனிவாஸே, தான் மேல்சாதி வீடுகளின் பக்கம் நின்று பார்த்ததால் தன் கிராமம் ஒரு மேல்சாதிக்காரர் கண்ட கிராமமாகவே இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். நீங்களும் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் உங்கள் ஊர், குடும்பம், சந்தையில் உங்களை யார் மகள் என்று அறிவார்கள் என்பதைத் தயங்காமல் எழுதுங்கள். சிலர் அதைப் பலவீனம் என்பார்கள். நான் அதை எழுதாத ஆய்வைத்தான் சந்தேகிப்பேன்.

கண்ணால் காண்பது எவ்வளவு வழுக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு காலத்தில் தேத்தண்ணி யாருக்கு எதில் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்: ஒருவருக்கு மூக்கு வைத்த உலோகக் குவளையான மூக்குப்பேணி, இன்னொருவருக்குச் சிரட்டை. இன்றைக்குச் செத்தவீட்டிலும் அந்தியேட்டியிலும் எல்லாருக்கும் குடித்துவிட்டு எறிகிற கப். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு நூறு சமத்துவம். அது சாதி கழன்றதால் வந்ததா, கழுவ ஆள் இல்லாததால் வந்ததா, அல்லது யாருடைய வாய் பட்ட பாத்திரத்தையும் யாரும் தொடத் தேவையில்லாமல் போனதால் ஒரு சங்கடமான கேள்வியை எல்லாரும் ஒன்றாகத் தவிர்த்துக்கொள்கிறார்களா? கப்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதே ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தனியாகப் போகும் நாளில் எதில் ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நாளில் நீங்கள் அங்கே இருப்பது லேசில்லை. நான் மூன்று வீட்டில்தான் இருந்திருக்கிறேன். மூன்று வீட்டை வைத்து ஊரைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை.

நாம் பார்க்கிறோம் என்பதற்காக ஆட்கள் நடிக்க மாட்டார்களா என்றும் கேட்பார்கள். வாய்மொழித் தேர்வில் இது நிச்சயம் வரும். ஹோதோர்ன் என்ற பெயரை எல்லாரும் ஒப்புவிப்பார்கள்: சிக்காகோவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் கவனிக்கப்படுகிறோம் என்பதாலேயே தொழிலாளர் உற்பத்தியைக் கூட்டினார்கள் என்று. 1924 முதல் 1932 வரை அங்கே ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் பாடநூல் சொல்லும் அந்தப் பாதிப்பு அவ்வளவு தெளிவாக இல்லை என்று பழைய தரவை மீண்டும் ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதே தொழிற்சாலையில் 1931–32ல் வயர் பொருத்தும் 14 ஆண்களை ஓர் அறையில் இருத்திப் பார்த்தபோது, கவனிப்பாளர் மூலையில் இருக்கும்போதே அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்து, அதற்கு மேல் வேலை செய்தவரின் தோளில் குத்தி அடக்கினார்கள். என் அனுபவமும் அப்படித்தான். முதல் சில நாள் வியாபாரிகள் என்னைக் கண்டால் சத்தமாகச் சிரித்தார்கள், கமக்காரரை "ஐயா" என்றார்கள். மூன்றாம் கிழமை அதே ஐயாவை என் முன்னாலேயே ஏசினார்கள். சந்தையில் ஆட்களுக்கு வேலை இருக்கிறது. உங்களுக்காக நெடுநாள் நடிக்க நேரமில்லை. வீட்டுக்குள்ளோ கந்தோரிலோ இது பொருந்துமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

சொல்ல வேண்டுமா என்பதற்கு: சொல்லுங்கள். அமெரிக்காவில் லோட் ஹம்ப்றீஸ் என்பவர் பொதுக் கழிப்பிடங்களில் ஆண்கள் சந்திப்பதை யாரென்று காட்டாமல் அவதானித்து, கார் இலக்கங்களைக் குறித்து வைத்து, ஒரு வருடம் கழித்து வேறு ஆய்வு என்று சொல்லிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்தார். 1970ல் நூலாக வந்தது. அவர் கண்டது பயனுள்ளது, செய்தது தகாதது என்று இன்றும் வகுப்புகளில் வாதம் நடக்கிறது. உங்களுக்கு அந்த வாதம் தேவையில்லை. சந்தையை நடத்தும் பிரதேச சபையிடம் துறைத்தலைவரின் கடிதத்தைக் கொடுங்கள், குத்தகைக்காரருக்கும் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்கப் போகும் வியாபாரிகளிடமும் வாயால் சொல்லுங்கள். வந்து போகும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சம்மதம் கேட்க முடியாது, பொது இடத்தில் அது எதிர்பார்க்கப்படுவதும் இல்லை. ஆனால் ஒருவரின் கதை அடையாளம் காணும் அளவுக்கு ஆய்வேட்டில் வரப்போகிறது என்றால் அவரிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். நம்முடையது சின்ன ஊர். பெயரை மாற்றிவிட்டு "தோட்டமும் செய்யும் ஆசிரியர்" என்று எழுதினால் சந்தைக்கே ஆளைத் தெரியும். மேலே நான் சொன்ன வாத்தியாரிலும் ஒன்றிரண்டு விபரத்தை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

எத்தனை நாள்? இதற்கு ஒரு எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். புதிதாக ஒன்றும் வராமல் ஒரு கிழமை போனால் ஒரு கட்டம் முடிந்தது என்று எடுக்கலாம். இளங்கலை ஆய்வேட்டுக்கு ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, கிழமைக்கு மூன்று காலை என்றால் என் கணக்கில் காணும். நாட்களைப் பரப்புங்கள். வெள்ளிக்கிழமைச் சந்தை வேறு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மரக்கறி விற்கும் விதம் வேறு, மாரி வெள்ளத்துக்குப் பிறகு வேறு. ஒரே கிழமை நாளில் மட்டும் போய்விட்டுச் சந்தை இப்படித்தான் என்று எழுதினால் அடிபடுவீர்கள். உங்களால் போக முடியாத இடங்களையும் எழுதுங்கள். வியாபாரிகள் விலை பேசி ஒத்துக்கொள்ளும் இடம் சந்தைக்குப் பின்னால் உள்ள கள்ளுத்தவறணை என்றால் அங்கே நீங்கள் போய் இருக்க முடியாது. கமக்காரர் வீட்டுக் குசினியில் மனைவி அந்தக் கழிவைப் பற்றி என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும். நான் மூன்று மாதம் நின்றும் பெண் கமக்காரர்கள் பக்கம் என் கொப்பி அநேகமாக வெறுமையாகவே இருக்கிறது.

பங்குபற்றும் அவதானத்தை ஒரு முறையாக நிலைநிறுத்தியவர் என்று மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியைப் படித்திருப்பீர்கள், 1915–18ல் ட்ரோபிறியாண்ட் தீவுகளில் கூடாரம் போட்டு இருந்தவர். அவர் இறந்த பிறகு 1967ல் அவருடைய நாட்குறிப்பு வெளிவந்தது. அந்தச் சனத்தின் மேல் எரிச்சலும் வெறுப்புமாகப் பல பக்கம். படித்த பலருக்கு அதிர்ச்சி. எனக்கு ஒரு வகையில் ஆறுதல், ஏனென்றால் சந்தையில் மழையில் நனைந்து, பசியோடு, ஒருவரும் கதைக்காத நாளில் நானும் எல்லாரையும் திட்டி எழுதியிருக்கிறேன். அப்படியான நாளின் குறிப்பில் மேலே சின்னதாக "இன்றைக்கு எனக்குக் கோபம்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது உதவும்.

முதல் நாள் ஐந்தரைக்கே போய்விடுங்கள், தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், தேத்தண்ணிக்கடை வாங்கிலிருந்து தொடங்குங்கள். எழுதியதை இங்கே கருத்துப் பகுதியில் போடாதீர்கள், ஊர்க்காரர் யாராவது படித்தால் ஆள் பிடிபடும். உங்கள் மேற்பார்வையாளரிடம் இடது பக்கத்தை மட்டும் முதலில் காட்டுங்கள். அவர் வலது பக்கத்தில் என்ன எழுதுவார் என்று கேட்டுவிட்டு, பிறகு உங்களுடையதைக் காட்டுங்கள்.